மேலே போன மனு

வில்லியனூர்
1943 ஜூன் 13, அந்தோணியார் திருநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை செலின் மேரி தோத்திரம் சொல்லி எழுதுகிறேன். சர்வேசுரன் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்கிறாயா?

நீ சொன்னபடி உறையின் மேல் "மரியதாஸ்" என்றே எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது. அத்தையின் மகன் மரியதாஸ் ஐந்து வயதில் அம்மை கண்டு இறந்தான் என்று கேள்விப்பட்டதோடு சரி. அவன் முகம்கூட எனக்குத் தெரியாது. பிரெஞ்சு எல்லைப் பிள்ளையை விமானப் படையில் எடுக்க மாட்டோம் என்று விழுப்புரத்தில் உன்னைத் திருப்பினார்கள். நீ கண்டமங்கலத்துக்குப் போய், அத்தை பெட்டியில் வைத்திருந்த அவனுடைய ஞானஸ்நானச் சீட்டை வாங்கிக் காட்டி, ஒரே நாளில் இங்கிலீஷ் எல்லைப் பிள்ளையாகிவிட்டாய். அண்ணா, மில்லில் வேலை போனாலும் பிலவேந்திரன் என்ற பெயரோடு இங்கேயே இருந்திருக்கலாம் என்று சில சமயம் தோன்றுகிறது.

இன்று திருநாளுக்கு அந்தோணி மேரி அத்தை வந்திருந்தாள். உன் கடிதங்கள் அவள் விலாசத்துக்கு வருவதால் நான்தான் போய் எடுத்துவருகிறேன். ஒவ்வொரு தடவையும் சுங்கச் சாவடியில் சிப்பாய் பக்கிரி மூட்டையைப் பார்ப்பதுபோல் என் கையைப் பார்க்கிறார். "இன்னா பாப்பா, அண்ணன் லெட்டரா? பிளேன் ஓட்டிக்கினு நம்ம வூட்டு மேல ஒரு சுத்து சுத்தச் சொல்லு. இன்னா பதவி குடுத்துகீறாங்க அவருக்கு?" என்று கேட்டார்.  பள்ளியில் கன்னியாஸ்திரீ மசேரும் அதையே கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆகையால் விமானப் படையில் கடைசிப் பதவி முதல் உச்சிப் பதவி வரை எல்லாவற்றையும் எழுதி அனுப்பு. எல்லாருக்கும் மேலே இருப்பவர் யார்? அவருக்கு மேலே யாருமே இல்லையா?

அம்மாவுக்குக் கொஞ்சம் இருமல். அடுப்புப் புகை என்கிறாள்.

உனக்காக ஜெபிக்கும் தங்கை,
செலின் மேரி


முகாம்
1943 ஜூலை 4

அன்புள்ள செலினுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் நல்ல சுகம். அப்பா, அம்மா, அத்தை எல்லாருடைய சுகத்துக்கும் எழுது. இங்கே ஊர்ப் பெயரையும் விமானக் கணக்கையும் எழுதினால்தான் வெட்டுவார்கள். தமிழ்க் கடிதம் என்றால் துரைமார் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கோலம் போட்டிருக்கிறது என்று ஒருவர் சிரித்தார். அதனால் பயமில்லாமல் எழுது.

பக்கிரியிடம் சொல், நான் விமானம் ஓட்டவில்லை. விமானத்துக்கு அடியில் படுத்திருக்கிறேன். எண்ணெய் வடிப்பேன், சக்கரம் துடைப்பேன். என் பதவிக்கு ஏர்கிராப்ட்மேன் செகண்ட் கிளாஸ் என்று பெயர். அப்பாவிடம் சொன்னால், "ரயிலுக்குத்தான் செகண்ட் கிளாஸ், மனுசனுக்குமாடா?" என்பார். எனக்குக் கீழே யாரும் கிடையாது, முகாமில் திரியும் நாயைத் தவிர.

எனக்கு மேலே கார்ப்பரல், சார்ஜென்ட், பிளைட் சார்ஜென்ட். அப்புறம் ஆபீசர்கள். சட்டைக் கையில் தைத்திருக்கும் பட்டையைப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஒரு அகலப் பட்டை என்றால் ஏர் கமடோர். அதற்கு மேல் ஒல்லிப் பட்டை ஒன்று சேர்ந்தால் ஏர் வைஸ் மார்ஷல், இரண்டு என்றால் ஏர் மார்ஷல், மூன்று என்றால் ஏர் சீஃப் மார்ஷல். நாலு ஒல்லிப் பட்டை இருந்தால் அவர்தான் உச்சி: விமானப் படையின் மார்ஷல். அவருக்கு மேலே ராஜா மட்டும். ஒரு வேடிக்கை கேள். அந்தப் பதவிக்கு ஓய்வு கிடையாது. கிழவராகி வீட்டுத் தோட்டத்தில் ரோஜாச் செடி வெட்டிக்கொண்டிருந்தாலும் அவர் மார்ஷல்தான். சாகிறவரை யாரும் அதைப் பிடுங்க முடியாது.

இதையெல்லாம் எனக்குச் சொன்னவன் பக்கத்துக் கட்டில் நாகராஜன், கடலூர்க்காரன். விமானத்தின் மேல் எண்ணும் எழுத்தும் தீட்டுவது அவன் வேலை. "நாலு பட்டைக்காரரை நீ பாத்துகிறியா?" என்று கேட்டேன். "சர்வேசுரனை நீ பாத்துகிறியா?" என்று திருப்பிக் கேட்டான்.

அம்மா ஏன் ஒரு வரிகூடச் சொல்லி அனுப்பவில்லை?

அண்ணன்


வில்லியனூர்
1943 ஆகஸ்ட் 15, மாதா பரலோகத்துக்கு எழுந்தருளின திருநாள்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கையின் தோத்திரம். உன் சுகம் அறிய ஆவல். எங்கள் சுகத்தைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியது முழு உண்மை அல்ல.

அம்மா சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சொல்லியிருந்தாள். அவள் இருமுவது புகையால் இல்லை, அண்ணா. சித்திரையிலிருந்தே இரத்தம் வருகிறது. துணியை அவளே வாய்க்காலில் அலசிவிடுவாள். நான் ஒரு நாள் பார்த்துவிட்டேன். அப்பா வண்டி கட்டிப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். வைத்தியர் அப்பாவிடம் பிரெஞ்சில் சொன்னதை நான்தான் தமிழில் சொல்லவேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் தாண்டுவது கஷ்டம் என்றார். நான் அப்பாவிடம், "கிறிஸ்துமஸ் வரைக்கும் மருந்து சாப்பிடச் சொல்கிறார்" என்றேன். அப்பா நம்பினாரா என்று தெரியவில்லை. வரும் வழியெல்லாம் மாட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அம்மா உன்னைப் பற்றித்தான் பேசுகிறாள். "அவன் வந்துட்டா நான் எழுந்து உக்காருவேன்டி" என்கிறாள். எப்படியாவது லீவு கேள்.

நீ எழுதிய பதவிகளை எல்லாம் மனப்பாடம் செய்தேன். மசேர் மெச்சினார்கள். பள்ளியில் உள்ள பெரிய அகராதியில் மார்ஷல் என்ற சொல்லைப் பார்த்தேன். பிரெஞ்சு தேசத்தில் அது பதவி அல்லவாம்; அரசு கொடுக்கும் கௌரவமாம். எங்கள் வகுப்பில் ஒரு மார்ஷல் படம் தொங்கியது உனக்கு நினைவிருக்கும். அவர் ஜெர்மன்காரனுக்குப் பணிந்துவிட்டார் என்று மூன்று வருஷத்துக்கு முன் அதை இறக்கினார்கள். ஆணி மட்டும் இருக்கிறது. நான் எழுதும் பலகைக்கு நேர் எதிரே.

சீக்கிரம் பதில் எழுது.

செலின்


முகாம்
1943 ஆகஸ்ட் 30

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதத்தை விமானத்தின் வயிற்றுக்கு அடியில் படுத்துக்கொண்டு படித்தேன். அங்கேதான் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள்.

அன்றைக்கே லீவு கேட்டேன். சார்ஜென்ட், ஒரு வருஷம் ஆகவில்லை, முடியாது என்றார். பிளைட் சார்ஜென்ட் கொஞ்சம் இரக்கமுள்ளவர். "எல்லாருக்கும்தான் அம்மா சாகிறாள், அதில் பாதி அம்மா மூன்று தரம் சாகிறாள்" என்று முதலில் கத்தினார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, பொறுத்திரு, பார்க்கிறேன் என்றார். நாகராஜன், "மேலே இருக்கறவன் மனசு வெச்சா ஒரு நிமிசம்பா. கீழே இருக்கறவனுக்குத்தான் ஆயிரம் சட்டம்" என்கிறான். அது அவன் எப்போதும் சொல்வது.

அம்மாவிடம் கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்று சொல். பொய் என்று நினைக்காதே. கீரைத் தண்ணீர், பால் எது இறங்குகிறதோ கொடு. நீ அவள் பக்கத்திலேயே படுக்காதே. கேட்க மாட்டாய், தெரியும்.

அண்ணன்


(பிரெஞ்சில் எழுதியது)
வில்லியனூர், பிரெஞ்சு இந்தியா
1943 செப்டம்பர் 12

லண்டனில் இருக்கும் விமானப் படையின் மார்ஷல் அவர்களுக்கு,

மகா கனம் பொருந்திய ஐயா,

தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் சுகமாய் இருக்க வேண்டுகிறேன். நான் பதினாலு வயதுப் பள்ளிப் பெண். தங்கள் படையில் உச்சிப் பதவி தங்களுடையது என்றும், தங்களுக்குக் கீழே ஏர் சீஃப் மார்ஷல் ஒருவர் இருக்கிறார் என்றும் அறிந்தேன். சண்டையை நடத்துவது அவர் வேலை என்பதால் அவருக்கு நேரம் இராது. தங்கள் பதவியோ, எங்கள் அகராதியின்படி, வேலை அல்ல, கௌரவம். அதற்கு ஓய்வும் கிடையாது. கௌரவம் உள்ள ஒருவருக்கு ஒரு தாயைப் பற்றிய கடிதத்தைப் படிக்க நேரம் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

என் அண்ணன் தங்கள் படையில் எல்லாருக்கும் கீழே இருக்கிறான். தாங்கள் எல்லாருக்கும் மேலே இருக்கிறீர்கள். இடையில் உள்ளவர்கள் லீவு தர முடியாது என்கிறார்கள். எங்கள் தாய் சாகக் கிடக்கிறாள். கிறிஸ்துமஸுக்குள் அவன் வரவேண்டும்.

தங்களைப் போன்ற பெரியவரிடம் பாதி உண்மை சொல்வது பாவசங்கீர்த்தனத்தில் பாவத்தை மறைப்பதற்குச் சமம். ஆகையால் முழுவதும் சொல்கிறேன். அவன் படையில் மரியதாஸ் என்று இருக்கிறான். அவன் உண்மைப் பெயர் பிலவேந்திரன். வில்லியனூரில் பயிர் செய்யும் பாஸ்கலின் மகன். செத்துப்போன எங்கள் அத்தை மகனின் சீட்டைக் காட்டிச் சேர்ந்தான். திருடவோ ஏமாற்றவோ அப்படிச் செய்யவில்லை. இயந்திரங்களின் மேல் உள்ள ஆசையாலும், வீட்டில் சோறு குறைந்ததாலும் செய்தான். தாங்கள் இதை மன்னித்து, அவனை எங்களிடம் அனுப்பினால், என் வாழ்நாள் முழுவதும் தங்களுக்காக ஜெபமாலை சொல்லுவேன்.

தங்கள் தாழ்ந்த ஊழியக்காரி,
செலின் மேரி


வில்லியனூர்
1943 அக்டோபர் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். நீ சுகமா? அப்பா சுகம். கரும்பு நன்றாக வந்திருக்கிறது. அம்மா படுத்த இடத்திலிருந்தே எனக்குச் சமையல் சொல்லித் தருகிறாள். "உப்பு போட்டியா?" என்று கேட்பதற்குள் இருமல் வந்துவிடுகிறது. நான் போட்டேன் என்று கை காட்டுகிறேன்.

சாமியார் வந்து, சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலம் பூசிவிட்டுப் போனார். அம்மா அவரிடம், "இது இன்னும் கொஞ்ச நாள் பொறுக்கலாம் சாமி, என் புள்ள வரான்" என்றாள்.

நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். உனக்கு லீவு கிடைக்கும்போது நீயே தெரிந்துகொள்வாய். நல்ல காரியம்தான். ஒரு பொய்கூட இல்லாமல் செய்தேன்.

செலின்


முகாம்
1943 டிசம்பர் 5

அன்புள்ள செலினுக்கு,

லீவு கிடைத்துவிட்டது!

பிளைட் சார்ஜென்ட் சொன்னபடியே செய்தார். எங்கள் ஆபீசரிடம் இரண்டு மாதமாக முணுமுணுத்து, கையெழுத்து வாங்கிவிட்டார். இருபத்திரண்டாம் தேதி கிளம்புகிறேன். இருபத்துநாலாம் தேதி சாயங்கால ரயிலுக்கு ஸ்டேஷனுக்கு வா. அப்பாவை மாட்டு வண்டி கொண்டுவரச் சொல்லாதே, நடந்தே வருவேன். அம்மாவுக்கு ஒரு கம்பளி வாங்கியிருக்கிறேன். நாகராஜன் அதன் மூலையில் விமானத்துக்கு அடிக்கும் வெள்ளைச் சாயத்தால் "அம்மா" என்று எழுதிவிட்டான். துவைத்தாலும் போகாதாம். "கம்பெனி சாயம்பா, உங்கம்மாவே பறந்துடுவாங்க" என்கிறான்.

நீ செய்த நல்ல காரியம் என்ன? உன் ஜெபம்தான் என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவிடம் எழுந்து உட்காரச் சொல்.

அண்ணன்


வில்லியனூர்
1944 ஜனவரி 16

அன்புள்ள அண்ணனுக்கு,

தோத்திரம். உன் சுகத்துக்கு உடனே எழுது. உன்னைப் பற்றி எதுவும் தெரியாமல் இருக்கிறோம்.

இருபத்துநாலாம் தேதி சாயங்காலம் நானும் அப்பாவும் ஸ்டேஷனுக்கு வந்தோம். வண்டி நின்றது. வாத்தியக்காரர்களும் வாழைத்தார் வியாபாரிகளும் இறங்கினார்கள். வண்டி போனது. அடுத்த நாள் காலையிலும் வந்து நின்றோம். ஸ்டேஷனில் இருந்தவர், "சண்டைக் காலத்துல எவன் பாப்பா சொன்ன தேதிக்கு வரான்?" என்றார். அம்மாவுக்கு நான் தலை வாரி, உனக்குப் பிடிக்கும் என்று சொல்வாயே, அந்த ஊதாப் புடவை கட்டிவிட்டிருந்தேன். தலையணையை முதுகுக்கு வைத்து உட்காரவைத்தோம். நாங்கள் தனியாகத் திரும்பி வந்ததைப் பார்த்தாள். "ரயிலு லேட்டா?" என்றாள். ஆமாம் என்றேன்.

ஜனவரி ஆறு, மூன்று ராஜாக்கள் திருநாள் வரைக்கும் ரயில் லேட் என்றே சொன்னேன்.

அம்மாவுக்கு இப்போது இருமல் இல்லை. அப்பா வயலுக்குப் போகிறார். ஊதாப் புடவை பெட்டியில் இல்லை. அத்தை வந்து எங்களுடன் இருக்கிறாள். வீடு மிகவும் அமைதியாக இருக்கிறது.

நீ ஏன் வரவில்லை?

செலின்


வேறு இடம்
1944 பிப்ரவரி 20

அன்புள்ள செலினுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். அப்பாவும் நீயும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருமல் இல்லை என்று எழுதியிருந்தாய். புரிந்துகொண்டேன். அதற்கு மேல் நீ எழுதவேண்டாம். என்னோடு பூசைக்குப் போக இங்கே யாரும் இல்லை. ஒரு மரத்தடியில் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

ஏன் வரவில்லை என்று நீ கேட்டதால் சொல்கிறேன். இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

டிசம்பர் இருபதாம் தேதி ஆபீசர் கூப்பிட்டார். மேசை மேல் உன் கடிதம். உன் பிரெஞ்சு எழுத்தை நான் எங்கே பார்த்தாலும் கண்டுபிடிப்பேன். அதோடு இங்கிலீஷில் பெயர்த்த ஒரு தாள், அதன் மேல் வேறு வேறு கையில் எழுதிய தாள்கள். அடியில் இருந்த உன் கடிதத்தின் ஓரத்தில் மார்ஷல் தம் பெயரின் இரண்டு எழுத்தைப் போட்டு, "கவனிக்கவும்" என்று எழுதியிருந்தார்.

அவர் நல்ல மனிதராகத்தான் இருக்கவேண்டும், செலின். உன் கடிதத்தைப் படித்திருக்கிறார். ஆனால் அகராதி சொன்னது சரி. அது கௌரவம். அவர் யாருக்கும் உத்தரவு போடுகிற இடத்தில் இல்லை. அவரால் முடிந்தது கீழே அனுப்புவதுதான். கீழே வர வர ஒவ்வொரு பட்டைக்காரரும் அந்த இரண்டு எழுத்தைப் பார்த்திருக்கிறார்கள். கிழித்துப் போட ஒருவருக்கும் தைரியம் வரவில்லை. தீர விசாரி, உடனே விசாரி என்று ஆளுக்கு ஒரு வரி சேர்த்தார்கள். நேரே பிளைட் சார்ஜென்ட் கைக்கு வந்திருந்தால் அவர் அதில் சுருட்டுப் பற்றவைத்திருப்பார். விசாரணை உள்ளவன் முகாமை விட்டுப் போகக் கூடாது என்பது சட்டம். லீவுச் சீட்டை என் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

பிளைட் சார்ஜென்ட் என்னைத் தனியே தள்ளிக்கொண்டுபோய், "யாரோ பைத்தியக்காரப் பெண், எனக்குத் தெரியாது என்று சொல். சாயங்காலமே உன்னை ரயில் ஏற்றுகிறேன்" என்றார். சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் உள்ளே போனேன். ஆபீசர் அந்த இங்கிலீஷ் தாளை உரக்கப் படித்தார். எங்கள் தாய் சாகக் கிடக்கிறாள் என்று வந்தது. "இந்தப் பெண் உனக்கு யார்?" என்றார். இவள் யாரோ என்று சொன்னால் அந்தத் தாயும் யாரோ ஆகிவிடுவாள். "என் தங்கை, சார். அவள் பொய் சொல்ல மாட்டாள்" என்றேன்.

சில வாரம் காவல் அறையில் போட்டார்கள். ஆள் பஞ்சம் என்பதால் வீட்டுக்கு அனுப்பவில்லை. சண்டை நடக்கும் பக்கம் அனுப்பிவிட்டார்கள். பெயர் மாற்றக் கேட்டு ஒரு காகிதம் மேலே போயிருக்கிறது. அது இறங்கி வரும் வரை நான் மரியதாஸ்தான்.

உன் மேல் எனக்குக் கோபம் இல்லை. நீ எழுதியதில் எந்த வரியும் தப்பு இல்லை. ஆனால் இனிமேல் மேலே யாருக்கும் எழுதாதே. எனக்கு எழுது. தமிழில் எழுது.

கம்பளி என்னிடம்தான் இருக்கிறது. இங்கே குளிர்.

அண்ணன்


வேறு இடம்
1944 ஏப்ரல் 9

தங்கை செலின் மேரிக்கு,

நாகராஜன் எழுதுவது. என்னை நீ பார்த்ததில்லை. உன் அண்ணன் சொல்லி உங்கள் எல்லாரையும் எனக்குத் தெரியும். அவனை இந்தப் பக்கம் அனுப்பிய பிறகு எங்களில் சிலரையும் அனுப்பினார்கள். மறுபடியும் பக்கத்துக் கட்டில் கிடைத்தது. தந்தி உங்கள் அத்தை வீட்டுக்கு முன்பே வந்திருக்கும். அதில் இரண்டு வரிக்கு மேல் இராது. அதனால் எழுதுகிறேன்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி காலை ஜப்பான்காரன் விமானம் வந்தது. பெட்ரோல் பீப்பாய் உருட்டிக்கொண்டிருந்தவர்களை எல்லாம் பள்ளத்துக்கு ஓடச் சொன்னார்கள். உன் அண்ணனோடு உருட்டியவன் புதிதாக வந்தவன், பயத்தில் பீப்பாயைப் பிடித்தபடியே நின்றுவிட்டான். உன் அண்ணன் பாதி வழி ஓடியவன் திரும்பிப் போய் அவனை இழுத்தான். அந்தப் பையன் பிழைத்தான்.

வலி தெரியாமல் போய்விட்டார் என்று எழுதுவதுதான் வழக்கம். நீ பொய் சொல்லாதவள் என்று அவன் சொல்லியிருக்கிறான். உனக்குப் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. மத்தியானம் வரைக்கும் இருந்தான். வலி இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் கேட்டான். கம்பளியைக் கேட்டான், போர்த்தினேன். கடைசியில் என் கையைப் பிடித்து, "எங்கம்மாவுக்கு இருமல் வுட்டுடுச்சாம்டா, நாகராஜா" என்றான். அப்புறம் பேசவில்லை.

அந்தக் கம்பளியோடேயே அடக்கம் செய்தோம். மரச் சிலுவை நட்டார்கள். அதில் பெயர் எழுதியது நான்தான். அவன் பெயர் அது இல்லை என்று ஆபீசரிடம் சொன்னேன். பெயர் மாற்ற உத்தரவு இன்னும் வரவில்லை, வந்தால் மாற்றலாம் என்றார். அதனால் எண்ணும், ஏர்கிராப்ட்மேன் செகண்ட் கிளாஸ் மரியதாஸ் என்றும் இங்கிலீஷில் எழுதினேன். எழுதி முடித்தபோது, யாரோ ஒருவனைப் புதைத்துவிட்டு வருகிறதுபோல் இருந்தது. என்னை மன்னித்துக்கொள்.

உங்கள் அப்பாவுக்கு என் வணக்கம்.

நாகராஜன்


வில்லியனூர்
1944 மே 7

மரியாதைக்குரிய நாகராஜன் அண்ணனுக்கு,

தோத்திரம். தாங்கள் சுகமாய் இருக்க எங்கள் வீட்டில் தினமும் வேண்டிக்கொள்கிறோம். தங்கள் கடிதத்தை அப்பாவுக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். எதையும் மாற்றவில்லை. நடுவில் அவர் எழுந்து போய்க் கரும்புத் தோட்டத்துக்கு மடை திருப்பிவிட்டு வந்தார். பிறகு, "மீதியையும் படி" என்றார்.

தந்தி அத்தை பெயருக்கு வந்தது. உங்கள் மகன் மரியதாஸ் என்று இருந்தது. படித்துச் சொன்ன தபால்காரன் விஷயம் தெரியாமல் அதை உரக்கப் படித்துவிட்டான். அத்தை அழவே இல்லை. "என் புள்ள ரெண்டு தபா செத்துட்டான்டி. எங்க அண்ணன் புள்ளைக்கு ஒரு தந்தி கூட வரல" என்றாள். அந்தச் சீட்டைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த கையைத் தரையில் அடித்துக்கொண்டாள். சாமியார் பிலவேந்திரன் பெயருக்கே பூசை வைத்தார். ஆனால் கோயில் புத்தகத்தில் இறந்தவர் பெயராக அதை எழுத, சர்க்கார் காகிதம் வேண்டும் என்று வருத்தப்பட்டார்.

போன வாரம் சாவடியில் பக்கிரி அண்ணன் ஒரு தடித்த உறையைக் கொடுத்தார். எப்போதும் கேலி பேசுகிறவர், அதில் இருந்த முத்திரையைப் பார்த்துவிட்டு எழுந்து நின்று இரண்டு கையாலும் நீட்டினார். லண்டனிலிருந்து வந்தது. மார்ஷல் அவர்களின் காரியதரிசி அழகான பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். என் கடிதம் மார்ஷலின் மனதைத் தொட்டதாம். உரிய இடத்துக்கு அனுப்பிவைத்தார்களாம். இதற்குள் என் அண்ணன் வந்து சேர்ந்திருப்பான் என்றும், எங்கள் தாயார் பூரண சுகம் அடைந்திருப்பார் என்றும் மார்ஷல் நம்புகிறாராம். கீழே அவரே கையெழுத்துப் போட்டிருக்கிறார். கை நடுங்கும் வயதுபோல் இருக்கிறது. நான் வாக்குக் கொடுத்தபடி அவருக்காகத் தினமும் ஜெபமாலை சொல்கிறேன். சொல்லாமல் இருந்தால் நான் பொய் சொன்னதாகும்.

பெயரைச் சரிசெய்யச் சொல்லி மறுபடியும் மார்ஷலுக்கு எழுது என்று மசேர் சொன்னார்கள். தாளும் கொடுத்தார்கள். அதை எதிரில் வைத்துக்கொண்டு வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆணி இன்னும் அங்கேதான் இருக்கிறது. தாளை மசேரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அண்ணா, தங்களிடம் தூரிகை இருக்கிறது. துவைத்தாலும் போகாத வெள்ளைச் சாயம் இருக்கிறது. உத்தரவு எதுவும் கேட்கவேண்டாம். சிலுவையில் இங்கிலீஷில் இருப்பதை அழிக்கவும் வேண்டாம்; மரியதாஸும் எங்கள் வீட்டுப் பிள்ளைதான். அதற்குக் கீழே, "பிலவேந்திரன், வில்லியனூர்" என்று மட்டும் எழுதுங்கள். தமிழில் எழுதுங்கள். அந்தப் பக்கம் வருகிற துரைமாருக்கு அது படிக்கத் தெரியாது. கோலம் என்று நினைத்துக்கொள்வார்கள். யாரும் அதை மேலே அனுப்ப மாட்டார்கள்.

இப்படிக்கு,
பிலவேந்திரனின் தங்கை
செலின் மேரி